முப்பதாயிரத்து முப்பத்தொன்று

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் நம்பர் அக்கா. நுழைவுச் சீட்டுகளில் வரிசை எண் குத்தும் இயந்திரத்தோடு பத்தொன்பது வருடக் குடித்தனம். பைண்டர் ஒருவர் மட்டும் அவளை அக்கா என்று கூப்பிட மாட்டார். ஏன் என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். அப்படியொரு மனுஷன்!

மதிய வெயில் தாள்கட்டின் மேல் சாயும் நேரத்தில், இயந்திரத்தின் டக் டக்கில் அவளுக்குக் கண் சொக்கும். எண்கள் ஆட்களாக மாறி முன்னால் நடக்கும். முப்பதாயிரத்து முப்பது வந்தால் கல்யாண வீட்டுக் களைதான். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று யார் வந்து பங்கு கேட்டாலும் மிச்சமில்லாமல் பிரித்துக் கொடுத்துவிடும். அடுத்த சீட்டு முப்பதாயிரத்து முப்பத்தொன்று. அதே ஆறு பேரும் வருவார்கள். ஆறு பேருக்கும் ஒன்று மிஞ்சும். இது யாருக்கும் வகுபடாத எண் என்று அவள் முதன்முதலில் பார்த்த அன்றே முடிவுகட்டிவிட்டாள். அது கடந்து போகும்போதெல்லாம் தன்னையே பார்ப்பதுபோல நெஞ்சு கனக்கும். வயது நாற்பத்திரண்டு. பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி.

ஒருநாள் பைண்டர் பசைக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “நாம கல்யாணம் பண்ணிக்கலாமாங்க?” என்று கேட்டேவிட்டார்.

அவள் அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினாள். “இந்த நம்பர் எதாலயும் மீதியில்லாம வகுபடாது. நானும் அப்படித்தான். விட்டுடுங்க.”

அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் பேச்சே இல்லை. சரி, கைகழுவிவிட்டார் என்று நினைத்தாள். விடச் சொன்னவளுக்கே அது சுருக்கென்றது.

மூன்றாவது வாரம் ஒரு கத்தை வெட்டுத்தாளோடு வந்து நின்றார்.

“அம்பத்தொம்பதால வகுபட்டுடுச்சுங்க. ஐந்நூத்தி ஒம்பது வருது. மீதி இல்ல.”

அவள் பென்சிலைப் பிடுங்கிப் பெருக்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் சிவந்தது. பத்தொன்பது வருடமாகப் பதின்மூன்றோடு நின்றுவிட்டிருக்கிறாள்! வெட்கத்தை மறைக்கத் தாள்களைப் புரட்டினாள். இரண்டிலிருந்து ஐம்பத்தொன்பது வரை ஒன்றுவிடாமல் ஐம்பத்தெட்டுக் கணக்கு.

“நாலால எல்லாம் போட்டிருக்கீங்களே? ரெண்டாலயே வகுபடாதது நாலால எப்படிங்க வகுபடும்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எது ஒத்துவரும்னு எப்படிச் சொல்றது? ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டாள்.

“நாப்பத்தேழுல தப்பு பண்ணியிருக்கீங்க. மீதி நாப்பத்தஞ்சு வரணும்.”

“திருத்திடறேங்க.”

“இருக்கட்டும்,” என்றாள். “சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. அண்ணன்கிட்ட நானே சொல்றேன்.”