கண்ணுக்குத் தெரியாத லேசரும் கைக்குழந்தைக்காரியும்

லேசருக்கு உதை கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அது. தூரம் அளக்கிற கருவிக்குள் லேசர் டயோடு என்று கடுகளவு சில்லு ஒன்று இருக்கும். கண் இமைக்கிற நேரத்தைக் கோடிக்கணக்கில் கூறு போட்டு, அதில் ஒரு கூறு நேரம் மட்டும் அதற்குள் பலமாகக் கரண்ட்டை விட்டு, சட்டென்று நிறுத்த வேண்டும். அதைச் செய்கிற பெருவிரல் அளவு சர்க்யூட் போர்டை டிசைன் பண்ணுவது என் வேலை. அன்னவாசலில் தமிழ் மீடியம் படித்தவள். தினமும் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போய் வருகிறேன்.

பிரசவ லீவு முடிந்து திரும்பியதும் முதலாளி சொன்னார்: "இந்தப் போர்டு கஸ்டமர்கிட்ட தேறிருச்சுன்னா டிசைன் வேலை ஒங்களுக்குத்தான். இல்லேன்னா டெஸ்டிங் மேசைக்குப் போயிருங்க." பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற சகோதரிகளே, மிச்சத்தைக் கேளுங்கள்.

வெளிச்சம் எங்கே?

போர்டைப் பார்க்க கஸ்டமர் வந்தார். சுவிட்சைப் போட்டேன். டயோடுக்கு நேராகக் குனிந்தார். "பாக்காதீங்க சார், கண்ணு போயிரும். இது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்" என்று தடுத்து, அதைப் பிடிக்கிற செல்போன் கேமராவில் ஊதாப் புள்ளியைக் காட்டினேன். போனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"போன்ல தெரியிறதை எல்லாம் நம்ப முடியுமாம்மா? ஆம்பள இன்ஜினியர் யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க."

நடுங்காத அலை

வந்தது சரவணன். என் லீவில் சேர்ந்த தம்பி, நல்ல பையன். கரண்ட்டை அலையாக வரைந்து காட்டுகிற ஆசிலாஸ்கோப்பில் போர்டை மாட்டிப் பார்த்தார். திரையில் அலை காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கியது. நேரே முதலாளி அறைக்குப் போய்விட்டார்.

நான் மேசைக்குப் போய்ப் பார்த்தால், போர்டைத் தொட்டு அளக்கிற புரோபின் கிரவுண்ட் வயர் நீளமாகத் தொங்குகிறது. இத்தனை வேகத்தில் அந்த வயரே நடுக்கத்தைக் காட்டும். கழற்றிவிட்டு, முனையோரம் சின்ன ஸ்பிரிங்கை வைத்து அளந்தேன். அலை கோடு கிழித்த மாதிரி நின்றது. திரும்பி வந்த சரவணன் தலையைச் சொறிந்தார்.

"இப்ப நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா போர்டு சரியில்லன்னு சார்ட்ட சொல்லிட்டேனே."

சாண் வயர்

கஸ்டமர் எடுத்துப் போன போர்டு பத்தே நாளில் திரும்பியது: "தூரம் தப்பாக் காட்டுது." பெட்டியைத் திறந்தேன். பெட்டி அழகாக இருக்க வேண்டுமென்று டயோடை முன்பக்கம் வைத்து, போர்டிலிருந்து ஒரு சாண் வயர் இழுத்திருந்தார்கள் கஸ்டமரின் ஆட்கள். மோட்டார் போட்டதும் தண்ணீர் பாய வேண்டுமென்றால் வயல் கிணற்றோரம் இருக்க வேண்டாமா? வயரை வெட்டி எறிந்து, டயோடைப் போர்டோடு ஒட்டிப் பற்றவைத்தேன். அளவு சரியாக வந்தது.

கஸ்டமருக்குக் கோபம், முன்பே ஏன் சொல்லவில்லையென்று. போர்டோடு கொடுத்த தாளில் முதல் வரியே அதுதான் என்றேன்.

"அதையெல்லாம் யாரும்மா படிக்கிறா?"

தேறியது

ஆர்டர் வந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் ஸ்வீட். முதலாளி என்னை உட்கார வைத்து, "இனிமே டிசைன் பாக்குறவங்க அடிக்கடி பெங்களூர் போகணும். நீங்க கைக்குழந்தைக்காரி" என்றார்.

"போவேன் சார். மாமியார் பிள்ளையப் பாத்துக்குவாங்க."

"அதெல்லாம் சரிப்படாதும்மா. டெஸ்டிங்னா நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம். ஒங்க நல்லதுக்குத்தான்."

போர்டு தேறிவிட்டது, அதைச் செய்தவள்தான் தேறவில்லை என்று நினைத்தபடி நான் எழுந்து கதவுவரை போனபோது, பின்னாலிருந்து முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்:

"திங்கக்கிழமை சரவணன் பெங்களூர் போறாப்ல. அந்தப் போர்டு எப்படி வேலை செய்யுதுன்னு அதுக்குள்ள அவருக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துருங்கம்மா."