ஏழாவது கழனி

போன வருடம் மார்கழி மாதம். செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், ஏரி மதகுக்கும் சாலைக்கும் நடுவே எட்டுக் கழனிகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. மூன்றாவது என்னுடையது. எல்லாவற்றிலும் நெல் கதிர் விட்டிருந்த நேரம்.

புகையான் பூச்சி பரவுகிறது என்று கேள்விப்பட்டு, ட்ரோனில் கேமரா வைத்துப் படமெடுப்பவர்களை வரவழைத்தோம். பூச்சி விழுந்த இடம் படத்தில் சிவப்பாகத் தெரியும் என்றார்கள். நான் தினமும் டைரி எழுதுகிறவன். அதனால் எந்த எண் யாருடைய கழனி என்று பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. டைரியில் கோடு போட்டு எழுதி வைத்தேன்.

மறுநாள் செல்போனுக்கு வந்த படத்தில் இரண்டாம் எண்ணில் மட்டும் சிவப்பு. இரண்டாவது கழனிக்காரரை அன்றே மருந்து அடிக்க வைத்தேன்.

ஏழாவது கழனிக்காரர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்குப் புதுச்சேரியில் ஆபரேஷன்.

"ஒரு நட இறங்கிப் பாத்துட்டுப் போயிடட்டுமாண்ணா?" என்றார்.

"இன்னாத்துக்கு? உன் கழனி பச்சையா இருக்குது. பஸ்ஸ வுட்டுடாத" என்றேன்.

படம் இருக்கும் தைரியத்தில் அதன்பின் யாரும் கழனிகளை ஊன்றிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பியவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கழனியில் பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடந்தது. கதிரைக் கசக்கினால் வெறும் பதர்.

வரப்பிலேயே உட்கார்ந்து டைரியையும் படத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். தண்ணீர் பாயும் முறைப்படி, மதகை ஒட்டியதைத்தான் நாங்கள் முதல் கழனி என்போம். அப்படியே எழுதியிருந்தேன். ட்ரோன்காரர்கள் சாலைப் பக்கமிருந்து எண் போட்டிருந்தார்கள். அவர்களுடைய இரண்டு, எங்களுடைய ஏழு. எட்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஏரி தெளிவாகத் தெரிந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை.

அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். டைரியை வாங்கிப் பார்த்தார்.

"எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குதுண்ணா. நான் இறங்கிப் பாக்கறேன்னுதான சொன்னேன்?" என்று திருப்பிக் கொடுத்தார்.

தை மாதம் மற்ற ஏழு கழனிகளிலும் அறுப்பு நடந்தது. அவர் தன்னுடையதில் மாட்டை மேய ஓட்டிவிட்டார். நான் அனுப்பிய நாலு மூட்டை நெல் அப்படியே திரும்பி வந்தது.

இப்போதும் வழியில் பார்த்தால் "சாப்ட்டியாண்ணா" என்கிறார். கழனியைப் பற்றி மட்டும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. டைரியில் அந்தப் பக்கத்தை நான் அடித்துத் திருத்தவில்லை. நான் பிழையில்லாமல் எழுதியதாக நினைத்த ஒரு பட்டியல், பார்க்கத் தெரிந்த ஒரு மனிதனைத் தன் கழனியில் இறங்கவிடாமல் தடுத்தது என்பதற்கு அடையாளமாக அது அப்படியே இருக்கட்டும்.