பிரம்பு நாற்காலிச் சமாதானம்

சமாதானம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு பிரம்பு நாற்காலிதான் நினைவுக்கு வரும். எங்கள் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் யார் கரகம் முதலில் போவது என்று தொழிலாளர் வீட்டு வரிசைகளான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் வருடா வருடம் சண்டை. எழுபதுகளின் கடைசியில் அது வெட்டுக்குத்து வரை போனது. எஸ்டேட் மானேஜரான துரை இரண்டு தரப்பையும் ஆபீஸ் வாசலில் நிறுத்தி, ஒரு வருடம் மேல் லயம், மறு வருடம் கீழ் லயம் என்று தாளில் எழுதிக் கைநாட்டு வாங்கினார். வைக்காதவன் வீட்டைக் காலி செய்யலாம் என்றார். அந்தத் தாளை டைப் அடித்தவள் நான். ஆபீஸ் கணக்கரான கிராணிக்கு உதவியாக அப்போதுதான் ஆபீசில் சேர்ந்திருந்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் பங்களாவிலிருந்து பிரம்பு நாற்காலி வரும். கரகம் எடுப்பதிலிருந்து கஞ்சி ஊற்றி முடிக்கும்வரை துரை கோயிலுக்கு எதிரே மாலையும் கழுத்துமாக அதில் உட்கார்ந்திருப்பார். இரண்டு லயத்து ஆட்களும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு லயத்துக் கல்யாணத்துக்கு மற்ற லயத்தார் போகமாட்டார்கள். அது என் கண்ணில் படாமலா இருந்தது? பட்டது. ஆனாலும் ரத்தம் சிந்தவில்லையே, என் தாள் வேலை செய்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

எங்கள் டிரஸ்ஸர், அதாவது தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவர், யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மனைவியின் தம்பி எண்பத்தைந்தில் கடல் தாண்டி எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தான். இருபத்துநாலு வயது. ஊரில் அந்த வயதுப் பையன்களை ஆமி பிடித்துக்கொண்டு போகிறதென்று அனுப்பிவிட்டார்கள். இந்த நாட்டில் தங்குவதற்கான விசிட் பாஸ் முடியும்போதெல்லாம் நான்தான் கடிதம் அடித்துக் கொடுப்பேன். ‘நாட்டில் சண்டை நடப்பதால்’ என்றுதான் ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும். அதைப் பார்த்து இன்னும் சில மாதம் கொடுப்பார்கள். மலைக் குளிருக்கு டிரஸ்ஸருடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, “அக்கா, எங்கட வெயிலில கொஞ்சம் பார்சல்ல எடுப்பிக்கட்டே?” என்று ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பான். கூடப் பிறக்காத தம்பி என்றே எண்ணியிருந்தேன்.

எண்பத்தேழு ஆடி மாதம் ரேடியோவில் செய்தி வந்தது. இந்தியா நடுவில் புகுந்து நெருக்கியதில் ஒப்பந்தம் ஆகிவிட்டது, போர் நிறுத்தம். பிரிஞ்சாங் டவுன் சாயபு டீக்கடையில் அன்றைக்கு எல்லோருக்கும் இனாமாகத் தே ஊற்றினார்கள். இவன் மட்டும் கிளாசைத் தொடவில்லை. “கையெழுத்துப் போட்டது ஆர் அக்கா? சண்டை பிடிச்சவை இல்லையே” என்றான்.

அடுத்த முறை குடிநுழைவு ஆபீசுக்குப் பாஸ் புதுப்பிக்கப் போனபோது, அதுதான் சண்டை நின்றுவிட்டதே, இனி ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் தவணை. கியா பார்முக்கு மேலே ஒரு சீனர் காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். கோஸ் பாத்திக்குப் பின்னால் ஒரு குடிசை கொடுத்து, பாஸ் இல்லாமலே அவனை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். போவதா, ஒளிவதா? அவனுடைய அக்கா, எங்கள் டிரஸ்ஸரம்மா, அவனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். “நீ எழுதப் படிச்ச பிள்ளை. நீயே சொல்லு.”

என் வாயில் அன்றைக்குக் கொள்ளியை வைத்திருக்க வேண்டும். நாற்காலிக் கதையை எடுத்துவிட்டேன். “பெரிய ஆளு ஒருத்தரு நடுவுல உக்காந்துட்டா எவனும் கை ஓங்க மாட்டான் தம்பி. எங்க லயத்துல பார்க்கலியா?”

“துரை எழும்பிப் போனா என்ன செய்யிறது அக்கா?”

“துரை எங்கடா போகப் போறாரு? ஒளிஞ்சி வாழ்ந்தா என்னைக்காவது மாட்டிக்குவ. முறையா போயிட்டு வா. நான் லெட்டர் அடிக்கிறேன், திரும்பக் கூப்பிட்டுக்கலாம்லா.”

ஆவணியில் போனான். தானா ராத்தா பஸ் ஸ்டேஷனில் கோட்டைக் கழற்றி டிரஸ்ஸரம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறினான். ஒரே ஒரு கடிதம் வந்தது. சமாதானம் காக்க வந்த இந்தியப் படைக்குச் சனங்கள் மாலை போடுகிறார்கள் என்று எழுதியிருந்தான். ‘உங்கட நாற்காலி இஞ்சயும் வந்திட்டுது அக்கா’ என்று கடைசியில் ஒரு வரி. அதை நான் ஆபீஸ் முழுக்கக் காட்டினேன்.

புரட்டாசிக் கடைசியில் அந்தப் படைக்கும் போராளிகளுக்குமே சண்டை மூண்டது. நாற்காலியில் உட்கார வந்தவரே கத்தியை எடுப்பார் என்று என் மண்டைக்கு எட்டவே இல்லை. பிறகு அவனிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. டிரஸ்ஸர் போட்ட தந்திகளுக்கும் பதில் இல்லை. டிரஸ்ஸரம்மா தினமும் ஆபீசுக்கு வந்து தபால் பையைப் பார்ப்பார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாலு அறை கொடுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மறு வருடம் மலைக்குக் கீழே வேறு தோட்டத்துக்குத் துரைக்கு மாற்றலானது. திருவிழாவுக்கு நாற்காலி வரவில்லை. கரகம் கோயிலுக்கு வந்து சேருமுன்பே கல் பறந்தது. கீழ் லயத்தில் ஒருவனுக்கு ஒரு கண் போயிற்று. புதுத் துரை பழைய தாளை எடுத்து, தேதியை மாற்றி மறுபடி அடிக்கச் சொன்னார். அடித்தேன். வேறென்ன செய்ய, அதற்குத்தானே சம்பளம்.

கைநாட்டு வைக்க ஆட்கள் வாசலில் வரிசையாக நின்றபோது டிரஸ்ஸரம்மா வழக்கம்போலத் தபால் பார்க்க வந்தார். ஜன்னல் வழியே மெஷினில் இருந்த தாளைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, சமாதானமோ?”

நான் அடுத்த வரியை அடித்தேன்.

“நல்லா அடி. துரை எங்கயும் போகமாட்டார் எண்டும் ஒரு வரி சேர்த்து அடி.”

தபால் பையைப் பார்க்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் ஆபீஸ் பக்கம் வரவே இல்லை.