அரை நூல் தப்பிய கிட்டார்

லாரிக்கு பாடி கட்டுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் இதை நானே செய்துவிடுவேனே என்று கை ஊறும். நாமக்கல்லில் இருபது வருடமாக லாரிகளுக்கு மர வேலை பார்க்கும் எனக்கு அது நன்றாகவே முற்றியிருந்தது. கடையில் வாங்க வேண்டியதை வீட்டிலேயே செய்கிறேன் என்று கிளம்பி, வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, என் கதையைக் கேட்டால் உங்கள் மனம் கொஞ்சம் ஆறும்.

என் மனைவி ராஜேஸ்வரி ராசிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண். கல்லூரியில் அவளும் தோழிகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். இவள் எலக்ட்ரிக் கிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அதைத் தொட நேரம் வாய்க்கவில்லை, அந்தப் பழைய கிட்டாரும் கைமாறிப் போய்விட்டது. போன வருடம் அந்தக் கல்லூரியில் பழைய மாணவியர் கூட்டம் என்றும், நான்கு பேரும் மறுபடி மேடையேறுவது என்றும் முடிவானது. ராஜி சேலத்துக் கடை ஒன்றில் கறுப்புக் கிட்டார் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு வந்தாள். கடைச் சரக்கு எதற்கு, உன் கைக்கு அளவெடுத்து நானே செய்து தருகிறேன் என்று அதைத் தடுத்தவன் நான்தான். நிஜமாகவா என்று கேட்டபோது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

எத்தனை டன்?

கிட்டாருக்கு மரம் காய்ந்திருக்க வேண்டும், லேசாக இருக்க வேண்டும் என்று செல்போன் வீடியோவில் ஒருவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அவருக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும்? மரம் என்றால் கருங்கல் லோடு தாங்க வேண்டும் என்பது என் கட்சி. புதுச்சத்திரத்தில் வழக்கமாகப் பலகை அறுக்கும் மில்லுக்குப் போய், வாகையில் கனமான துண்டாகப் பார்த்துக் கேட்டேன்.

எதற்கு இவ்வளவு சின்னத் துண்டு என்றார் மில்காரர். கிட்டாருக்கு என்றேன். ஏதோ புது மாடல் வண்டி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பலகையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே அக்கறையாகக் கேட்டார்: "அது எத்தன டன் ஏத்துமுங்க?"

அரை நூல்

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே இருபத்திரண்டு மெல்லிய கம்பிக் கட்டைகள் பதிக்க வேண்டும். ஒவ்வொன்றும் எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் சுருதியே இருக்கிறது. ராஜி ஒரு தாளில் எல்லா அளவையும் மில்லிமீட்டரில், புள்ளி வைத்து, எழுதிக் கொடுத்திருந்தாள். எனக்கு மில்லிமீட்டர் கண்ணுக்குப் பிடிபடாது. பட்டறையில் அங்குலத்தை எட்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கை ஒரு நூல் என்போம். முப்பத்தாறு புள்ளி நாலு என்று அவள் எழுதியிருந்ததை ஓர் அங்குலம் மூன்று நூல் என்று மாற்றிக் கோடு போட்டேன். மிச்சம் அரை நூல் வந்தது, விட்டுவிட்டேன். மற்ற கோடுகளிலும் இந்தக் கதைதான்.

கட்டைகளை அடித்து இறக்கும் முன் ராஜி வந்து, ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். தள்ளியிருக்கிறதே என்றாள். அரை நூல்தானே, பதினெட்டு அடி பாடியிலேயே ரெண்டு நூல் முன்னே பின்னே இருக்கும் என்று சிரித்தபடி சுத்தியலை எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. "பாவுல ஒரு நூல் அத்துப்போனாலே எங்கூட்டுல தறிய நிறுத்திப்போடுவாங்க. நீங்க அர நூல எங்க கொண்டுபோயிப் போட்டீங்க?"

பின்பக்கத்து எழுத்து

ராஜி கேட்டது வெறும் கறுப்பு. பட்டறைப் பெயிண்டர் தங்கவேலுவிடம் அதையே சொல்லிவிட்டு, மல்லசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால், முன்பக்கம் இரண்டு தாமரைப் பூ. திருப்பினால், பளிச்சென்ற மஞ்சளில் 'ஒலி எழுப்பவும்'.

அழித்து மறுபடி அடிக்க நாள் இல்லை. ராஜி அதைப் பார்த்து வெகுநேரம் சிரித்தாள். பின்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை, தங்கவேலுவைப் பிடித்துக் கேட்டேன். அவர் பிரஷ்ஷைத் துடைத்தபடி சொன்னார்: "பொறத்தாண்ட ஒண்ணும் எழுதாம வெளிய உட்டா பட்டறைக்குத்தானுங்க கெட்ட பேரு."

வந்துருச்சு சத்தம்

ஒயரிங் செய்தவர் லாரிக்கு ஹாரனும் லைட்டும் மாட்டும் எலக்ட்ரீசியன். ஆம்ப்ளிஃபயரில் சொருகியதும், கம்பியைத் தொடாமலே 'உய்ய்ங்' என்று ஓர் இரைச்சல். எர்த் சரியில்லையோ என்றேன். அவர் கோபித்துக்கொண்டார்: "சத்தம் வேணுமின்னீங்க, வந்துருச்சு. இன்னும் என்னுங்க?"

முன்வரிசை

அந்த இரைச்சலை ஒருவழியாகக் குறைத்துவிட்டோம். ராஜி அரை மணி நேரம் வாசித்துப் பார்த்தாள். கழுத்தின் மேலே போகப் போக அவள் விரல் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து நின்றது. எப்படி என்று கேட்டேன். நல்லாருக்குதுங்க என்றாள். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, எனக்கு வேண்டிய பதில் முதல் தடவையே கிடைத்துவிட்டது.

கூட்டத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்தேன். நான்கு பேரும் பிரமாதமாகச் செய்தார்கள். ராஜி சிரித்த முகமாக வாசித்தாள். பக்கத்தில் இருந்தவரிடம், அந்தக் கிட்டார் நான் செய்தது என்று கேட்காமலே சொல்லிக்கொண்டேன். கை வலிக்கத் தட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில், ராசிபுரம் தாண்டியதும், வீடியோவைப் போட்டுக் காதில் வைத்துக் கேட்டேன். பாட்டு கேட்டது, கீபோர்டு கேட்டது, டிரம் கேட்டது. கிட்டார் மட்டும் கேட்கவே இல்லை. ஒயர் கழன்றுவிட்டதா என்று பதறினேன். ராஜி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "நாந்தானுங்க சத்தத்த மூடி வெச்சிருந்தேன். அவங்க பாட்டு கெட்டுப்போகக் கூடாதில்லீங்க. கைய மட்டும் ஓட்டுனேன், நீங்க முன்னாடி ஒக்காந்திருந்தீங்கல்ல."

மறுநாளே சேலம் போய் அந்தக் கறுப்புக் கிட்டாரை வாங்கிவிடலாம் என்றேன். மேடைதான் முடிந்துபோயிற்றே, இனி எதற்கு என்றுவிட்டாள். நான் செய்தது கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, முகத்தைச் சுவருக்குத் திருப்பி நான்தான் மாட்டியிருக்கிறேன்.

அன்பர்களே, முதுகில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிக்கொண்டு, ஒரு சத்தமும் எழுப்பாமல் மேடையேறி இறங்கிய கிட்டாருக்குக் கை வலிக்கக் கைதட்டியவன் இந்த நாமக்கல் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.