முத்துமாலை தொடாத போர்வை

தேவமணி அழவில்லை. தெரு முழுக்க அதுதான் பேச்சு. ஜெர்மன் சண்டை முடிகிற சமயத்தில் வந்த விஷக்காய்ச்சலில் பாளையங்கோட்டையில் சாவு விழாத தெரு இல்லை; வீட்டுக்கு வீடு அழுகைச் சத்தம். அவள் கணவர் பாக்கியசீலன் வாத்தியார் வீட்டில் மட்டும், ஒரே மகள் கிரேஸைக் கல்லறைக்குக் கொண்டுபோன அன்றும் சத்தமில்லை. தேற்ற வந்த பெண்கள் ஜெபம் பண்ணினார்கள், கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள், வாசற்படி இறங்கும்போதே “கல்நெஞ்சக்காரி” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். நல்ல ஆறுதல்! தேவமணியின் காதில் அது விழுந்தது. மனதில் தைக்கவில்லை. அவளுக்கு உடம்பு முழுவதும் மரத்துப்போன கால் மாதிரி இருந்தது.

கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பம். திருநீறு போயிற்று, சுடலைமாடன் கோயில் கொடை போயிற்று. சாவுத்துணி விஷயத்தில் மட்டும் ஊர் வழக்கத்தை யாரும் அசைக்கவில்லை. செத்தவர் படுத்த துணி சலவைக்காரிக்கு. அவள் கை பட்டுவிட்டால் அவளுக்கே சொந்தம், அந்த வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. தெருவுக்குத் துணி வெளுக்கும் முத்துமாலை வந்து பாவாடை, விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போனாள். போர்வை மட்டும் நெல் கொட்டி வைக்கும் குலுக்கைக்குள் ஒளிந்திருந்தது. ஏன் ஒளித்தோம் என்று தேவமணிக்கே தெரியாது. கை தானாகச் செய்த வேலை.

மிஷன் பள்ளித் தையல் வகுப்பில் கிரேஸ் தைத்த போர்வை அது. வெள்ளைத் துண்டும் சிவப்புத் துண்டும் மாற்றி மாற்றி ஒட்டி, உள்ளே பஞ்சு வைத்து, நடுவில் இருந்த வெள்ளைத் துண்டில் சிவப்பு நூலால் தன் பெயரையும் தைத்திருந்தாள். சிவப்புத் துணியும் நூலும் சந்தையில் வாங்கியவை. சண்டையால் நல்ல சாயம் கப்பலேறி வராத காலம். சாயம் போகாது என்று வியாபாரி சத்தியம் பண்ணிக் கொடுத்த சரக்கு. காய்ச்சலில் அந்தப் போர்வைக்குள்தான் அவள் சுருண்டு கிடந்தாள்.

காய்ச்சல்காரர் துணியைக் கொதிக்க வைக்காவிட்டால் அடுத்த ஆளைப் பிடிக்கும் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். ஒளித்ததை யாரிடம் வெளுக்கக் கொடுப்பது? தேவமணி நெல் அவிக்கிற அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, சவுக்காரத்தைச் சீவிப் போட்டு, போர்வையை உள்ளே அமுக்கினாள். வெந்நீர் தெறித்துக் கை சிவந்தது. அது சுட்டதாகக்கூட அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீரும் சிவக்க ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அடுப்பு தானாக அவிந்த பிறகு அகப்பைக் காம்பால் தூக்கிப் பார்த்தால், வெள்ளை என்று சொல்ல ஒரு துண்டு இல்லை. பெயர் இருந்த இடமும் சிவப்பு, பெயரும் சிவப்பு.

அந்த நேரம் பார்த்து அழுக்குத் துணி எடுக்கப் புறவாசலில் முத்துமாலை வந்து நின்றாள்.

“என்ன வாத்தியாரம்மா, போர்வையப் போட்டு அவிச்சா வச்சிருக்கிய?”

“ஆமா,” என்றாள் தேவமணி.

சத்தம் கேட்டு வந்த பாக்கியசீலனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “அவளுக்கு உள்ளத அவகிட்ட குடுத்துரு, தேவமணி. ஊரு சிரிக்கும்.”

“பிள்ளை பேரு தெரியலையே,” என்றாள் அவள், அண்டாவைப் பார்த்தபடி.

முத்துமாலை குனிந்து கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, இழுத்துக்கொண்டாள்.

“காய விட்டா சாயம் பிடிச்சுக்கிடும்மா. இப்பமே ஓடுத தண்ணியில அலசினா கொஞ்சம் போவும்.”

“நீயே அலசிக் குடுத்துரேன்,” என்றார் வாத்தியார்.

“நான் தொட்டா திரும்பக் குடுக்கப்படாதுல்லா? எங்க ஆளுவ சும்மா விடமாட்டாவ.” அண்டாவை விட்டு இரண்டடி விலகி நின்றாள். “நான் தொடல. அம்மாவே சொமந்துட்டு வரட்டும். அங்கன கரையில நின்னு சொல்லுதேன்.”

மார்கழிக் குளிர் வரப்போகிறது. முத்துமாலை வீட்டிலும் போர்வை இல்லாத பிள்ளைகள் உண்டு. அதை அவள் சொல்லிக்காட்டவில்லை.

வண்ணார்பேட்டைப் படித்துறை வரைக்கும் வாத்தியாரம்மா தலையில் ஓலைக் கடவப்பெட்டியோடும், சலவைக்காரி வெறுங்கையோடும் போனதைத் தெரு வாய் பிளந்து பார்த்தது. கடவத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் தேவமணியின் கழுத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

ஆற்றில் மழைத் தண்ணீர் வடிந்து தெளிவாக ஓடியது. தேவமணி இடுப்பளவு இறங்கிப் போர்வையை விரித்தாள்.

“பைய முக்குங்க. முறுக்காதிய, பஞ்சு திரண்டுக்கிடும். ஓட்டத்தோட விடுங்க,” என்று கரையிலிருந்து குரல் வந்தது.

சிவப்பு கரைந்து கரைந்து போயிற்று. வெள்ளைத் துண்டுகள் ரோஜா நிறத்துக்கு வந்தன. நடுத்துண்டில் முதலில் ‘கி’ தெரிந்தது, பிறகு முழுப் பெயரும் தெரிந்தது. மறுபடி முக்கினாள். துண்டு இன்னும் வெளுத்தது. நூலும் கூடவே வெளுத்தது. துணியிலிருந்து போகிற சாயம் எழுத்திலிருந்தும்தான் போய்க்கொண்டிருந்தது.

எழுத்துப் படிக்கத் தெரியாத முத்துமாலைக்கு உற்சாகம். “இன்னும் ரெண்டு தடவ முக்குங்கம்மா, பழைய வெள்ளைக்கு வந்துரும்!”

“வேண்டாம்!”

படித்துறையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டாள். போர்வையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் தண்ணீரின் குளிர் உறைத்தது. வெந்நீர் பட்ட கை எரிந்தது. கிரேஸ் இனி இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கரைக்கு வராமல் அங்கேயே நின்றாள்.

முத்துமாலை தண்ணீரில் இறங்கி, போர்வையில் தன் விரல் படாமல், தேவமணியின் முழங்கையைப் பிடித்துக் கரையேற்றினாள். ஈரப் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு தேவமணி வாய்விட்டு அழுதாள். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கூடினார்கள்.

“அவிய அழட்டும். நீங்க உங்க சோலியப் பாருங்க,” என்றாள் முத்துமாலை.