ஞானதுரை அண்ணாச்சி அப்படிச் சொல்லவில்லை

ஞானதுரை அண்ணாச்சி காலமான செய்தி எங்கள் வியாபாரிகள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதற்கு மேலே அன்றைய பூண்டு விலை. அதற்குக் கீழே, கோள்களெல்லாம் ஒரே வரிசையில் வரப்போவதால் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை. நடுவில் இவர். எங்கள் குழுவில் யாராவது விலை போட்டால், பார்த்துவிட்டோம் என்பதற்குக் கட்டைவிரலை உயர்த்துவது வழக்கம். கை பழகிவிட்டது. அண்ணாச்சியின் சாவுக்கும் வரிசையாகக் கட்டைவிரல் விழுந்தது, சரக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பது போல.

வேறு யாருடைய சாவுக்கு இப்படி நடந்திருந்தாலும் அடுத்த நிமிடமே அவருடைய குரல் பதிவு வந்து விழுந்திருக்கும். "ஏலே, மனுசன் செத்ததுக்கு எதுக்குலே வெரலத் தூக்கிக் காட்டுதிய? சவங்களா!" அன்று அந்தக் குரல் வரவில்லை. அதனால்தான் செய்தி உண்மை என்று நம்பினேன்.

வண்ணார்பேட்டையில் அவருக்கு மோட்டார் பம்பு, குழாய்க் கடை. எதிர் வரிசையில் எனக்குக் கருப்பட்டி, வத்தல், பூண்டு மொத்த வியாபாரம். நான் சாத்தான்குளத்திலிருந்து கருப்பட்டிச் சிப்பத்தோடு பஸ் ஏறி வந்தவன். அவர் பாளையங்கோட்டைக்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கமாட்டார். மற்ற நாட்களில் கல்லாவுக்கு முன்னால் நின்றபடியே செய்தித்தாள் படிப்பார். உட்கார்ந்து படித்தால் செய்தி சீரணித்துவிடுமாம். ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் கெட்டுப்போன மீனை முகர்ந்தவர் மாதிரி மூக்கைச் சுருக்குவார். உலகத்தின் மேல் அவருக்கு இருந்தது கோபம் என்று பலர் நினைத்தார்கள். கோபமில்லை, அருவருப்பு. அந்த அருவருப்பைப் பார்க்கவென்றே நான் சாயங்காலம் தேநீர் கிளாசோடு அவர் கடைக்குப் போவேன்.

புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு வந்த சமயம் நினைவிருக்கிறதா? நோட்டுக்குள் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடும் என்று டிவியிலேயே பேசினார்கள். எங்கள் தெருவில் ஒருவர் அந்த நோட்டுகளைப் பரோட்டா கட்டுகிற சில்வர் தாளில் சுற்றி அலமாரியில் வைத்தார். சிக்னல் வெளியே போகாதாம். பெயர் சொல்லமாட்டேன், அவர் இதைப் படிப்பார். அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்ததும் ஒரு நோட்டை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"எம் மவன் துபாய்க்குப் போயி ஒரு வாரமா போன எடுக்க மாட்டேங்கான். அவனுக்கு இதுல ஒண்ணு அனுப்பி விடட்டா வே? எங்கன கெடக்கான்னாவது தெரியும்லா?"

தெருவே சிரித்தது. சில்வர் தாள்காரரும் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "சிரிக்காதிய. படிச்சவன் கோட்டுப் போட்டு டிவியில உக்காந்து சொல்லுதான். அவன் சொல்லுதான்னு இவன் தாளு வாங்கிச் சுத்துதான். இதுல எவன் முட்டாள்னு எனக்கு இன்னும் வெளங்கல" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நோட்டைத் தொட்ட கையைக் கழுவினார்.

அரசியல்வாதிகளும் அவரிடம் தப்பவில்லை. தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் கும்பிட்டபடி கடைக்குள் ஏறி, தாமிரபரணியில் ஒரு துளி சாக்கடைகூடக் கலக்காமல் செய்துவிடுவேன் என்றார். அண்ணாச்சி முழுவதும் கேட்டார். "நல்லது. போன தடவ எதிர்க்கட்சிக்காரரும் இதே இடத்துல நின்னு, இதே வார்த்தையத்தான் சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள்ட்ட எழுதி வாங்குதியளா?" கூட வந்த தொண்டர்கள் முறைத்தார்கள். வேட்பாளர் விவரமானவர், சிரித்துக்கொண்டே இறங்கிப்போனார். ஜெயித்தும் விட்டார். ஆறு எப்படி இருக்கிறது என்பதை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் வெறுத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. நிலாவில் நம் விண்கலம் இறங்கிய மாலை, கடைக்கு வந்த வாடிக்கையாளரைக்கூடக் கவனிக்காமல் டிவி முன்னால் நின்றார். இறங்கியதும் கண் கலங்கிவிட்டது. "பைய எறக்குதான் பாரும். என்னா பொறுமை! எத்தன பேரு ராத்திரி பகலா கணக்குப் போட்டிருப்பான்" என்றார். அந்த நேரம் பார்த்து சங்கத்துக்காரர் ஒருவர் லட்டுப் பெட்டியோடு வந்தார். போன கிரகணத்துக்குக் கதிர்வீச்சு வருகிறது என்று வீட்டில் ஃப்ரிட்ஜை அணைத்துவைத்த மனிதர் அவர். அண்ணாச்சி லட்டை வாங்கவில்லை. "இத அந்தக் கணக்குப் போட்டவன் பாத்தா ராக்கெட்டத் திருப்பி நம்ம தலையில விடுவான் வே" என்றார்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். கைப்பேசியில் பணம் வாங்குகிற கியூஆர் அட்டை தெருவுக்குள் வந்தபோது, கண்ணால் பார்க்காத துட்டு துட்டே இல்லை என்று அடம்பிடித்தார். வெகுநாள் கழித்துத்தான் அட்டையை ஒட்டினார். ஒட்டிய அன்றே குழுவில் அவர் குரல் வந்தது: "ஞானதுரை பேசுதேன். அட்ட விசயத்துல நான் சொன்னது தப்பு. நீங்க சொன்னதுதான் சரி. வேலயப் பாருங்க." அத்தனை பேர் கூடிய எங்கள் குழுவில், தான் சொன்னது தப்பு என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அது ஒரு தடவைதான். அதற்கு மட்டும் ஒருவரும் கட்டைவிரல் போடவில்லை.

நிலாவில் விண்கலம் இறங்கிய அதே வருஷம் மார்கழியில் வந்த வெள்ளத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நானும் அவரும் என் வத்தல் மூட்டைகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். ஆற்றுக்கு மேற்கே மலையில் அணை உடைந்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு வந்தது. யார் குரல் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி காதர் பாய் போன் செய்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி ஓடட்டுமா என்று அழுதார். அண்ணாச்சி போனைப் பிடுங்கினார். "பாய், மாடியிலயே இரும். அணை உடைஞ்சதக் கண்ணால பாத்தவன் ஒருத்தன் பேரச் சொல்லும், நானே ஒம்மத் தூக்கிட்டு ஓடுதேன்." பேர் சொல்ல ஆளில்லை. பாய் மாடியிலேயே இருந்தார். அணையும் அப்படியே இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அண்ணாச்சி சொன்னது இது: "மழை வருதுன்னு வானிலைக்காரன் முந்தியே சொன்னான். அதுல பாட்டு இல்ல, அழுக இல்ல. ஒருத்தனும் கேக்கல."

இனி, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு குடும்பநல நிதி உண்டு. மாதாமாதம் எல்லோரும் போடுவோம். உறுப்பினர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு அதிலிருந்து கொடுப்போம். சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் செயலாளர் ஒரு யோசனையோடு வந்தார். வெளியூரில் ஒரு கம்பெனி இருக்கிறதாம். அங்கே மனிதன் தலையிடுவதே இல்லையாம். ஏஐ என்கிற செயற்கை நுண்ணறிவே பங்குச் சந்தையில் வாங்கி விற்று மாதாமாதம் லாபம் தருமாம். நிதியை அப்படியே அதில் போட்டுவிடலாம் என்றார். பலருக்கு ஆசை. நிர்வாகக் குழுவில் எழுந்து எதிர்த்துப் பேசியது ஞானதுரை அண்ணாச்சி மட்டும்தான்.

"நட்டம் வந்தா அந்த மிசினு வந்து பதில் சொல்லுமா, நீரு சொல்லுவீரா?"

"அண்ணாச்சி, காலம் மாறுது. கியூஆர் அட்டையையும் நீங்க இப்படித்தான் வேண்டாம்னியோ" என்றார் செயலாளர்.

"ஆமா வே, தப்புன்னு ஒத்துக்கிட்டேன்லா? அதுல போனா என் துட்டு போவும். இது செத்தவன் பொண்டாட்டி துட்டு. அத வச்சு வெளையாட எனக்கும் உரிமை இல்ல, ஒமக்கும் இல்ல."

அன்றைக்குத் தீர்மானம் நிறைவேறாமல் நின்றுபோனது. அடுத்த மாதமே அண்ணாச்சி போய்விட்டார். காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சங்கக் கட்டடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். முன் வரிசையில் அவர் மனைவி எஸ்தர் மதினி. எல்லோரும் பேசி முடித்ததும், ஒரு சிறப்பு அஞ்சலி இருக்கிறது என்று செயலாளர் விளக்கை அணைக்கச் சொன்னார். திரையில் மேகம். மேகத்துக்கு நடுவே, வெள்ளைச் சட்டையில் ஞானதுரை அண்ணாச்சி. அவர் மகன் கல்யாணத்தில் எடுத்த படத்தை ஏஐ வைத்து அசைத்திருந்தார்கள். கண் இமைத்தது, உதடு அசைந்தது, சிரித்தது. குரலும் அவர் குரலேதான். குழுவில் அவர் எங்களைத் திட்டிப் போட்ட பதிவுகளிலிருந்து எடுத்தார்களாம். எங்களைக் காறித் துப்பிய குரலை எடுத்து, அதற்குச் சர்க்கரைப் பாகு ஊற்றி, எங்களைக் கொஞ்சுகிற குரலாக்கியிருந்தார்கள்.

"என் அன்புச் சொந்தங்களே, நான் இங்கு நலமாக இருக்கிறேன். புதிய தொழில்நுட்பத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். நமது நிதியைப் பெருக்கி, என் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களை வாழவையுங்கள்."

எனக்குக் குமட்டியது. சுற்றிப் பார்த்தால் பாதிப் பேர் அழுகிறார்கள். சிலர் கை தட்டினார்கள். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காதர் பாய் கண்ணைத் துடைத்தபடி என் காதில், "அண்ணாச்சி நம்மள ஒரு நாளாச்சும் அன்புச் சொந்தம்னு கூப்பிட்டிருக்காரா வே?" என்றார். விளக்கு எரிந்ததும் செயலாளர் ஒரு தாளை எடுத்தார். மறைந்த அண்ணாச்சியின் விருப்பமாகவே நிதித் தீர்மானத்தை இப்போதே நிறைவேற்றி அவருக்குக் காணிக்கையாக்குவோம் என்றார்.

நான் எழுந்தேன். "இது அவர் விருப்பம்னு யாரு வே சொன்னது?"

"முருகேசன் அண்ணாச்சி, உக்காருங்க. இரங்கல் கூட்டத்துல சண்ட வேண்டாம். மரியாதைக்குச் செஞ்சது" என்றார் செயலாளர்.

அப்போது எஸ்தர் மதினி எழுந்தார். "தம்பி, அத இன்னொரு மட்டம் போடுங்க."

செயலாளர் முகம் மலர்ந்தது. மறுபடி போட்டார்கள். மதினி நின்றபடியே பார்த்தார். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மனுசன் இப்படிச் சிரிச்சு எங்கிட்ட பேசினதில்ல. பாக்கதுக்கு ஆசையாத்தான் இருக்கு. அதுக்குத்தான் இன்னொரு மட்டம் கேட்டேன். ஆனா இது அவரு இல்ல. இந்த வார்த்தைய அவரு உயிரோட இருக்கையில உங்களால சொல்ல வைக்க முடியல. செத்த பொறவு வாயப் பிடிச்சு ஆட்டுதிய. எனக்கு வாற நிதியும் இதே துட்டுதானே? அதக் கொண்டுபோயி அந்த மிசினுக்குப் போடணும்னா, உங்க வாயால கேளுங்க. அவரு வாய விட்டுருங்க."

 செயலாளர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காப்பி கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டுக் கலைந்தோம்.

ஆனால் படம் கலையவில்லை. மறுநாள் மதுரையிலிருந்து என் சரக்குக்காரர் ஒருவர் அதை எனக்கே அனுப்பினார், 'சொர்க்கத்திலிருந்து ஒரு வியாபாரியின் அறிவுரை' என்று தலைப்புப் போட்டு. மதினி என்னைக் கூப்பிட்டு, எல்லார் போனிலிருந்தும் அதை அழிக்க வழி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பம் அவரு நிசமா என்ன சொன்னாருன்னாவது எழுதிப் போடுங்க தம்பி" என்றார். சங்கம் அச்சடிக்கிற மலரில் போடக் கேட்டேன், இடமில்லை என்றார்கள். அதனால் என் செலவில் அச்சடித்துக் கடை கடையாகக் கொடுக்கிறேன். நிதியை மிஷினுக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் ஞானதுரை அண்ணாச்சி சொன்னார். அவர் அப்படிச் சொன்ன நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கேட்டவன் பேர் முருகேசன். யாரும் வந்து என்னிடம் கேட்கலாம்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கருத்துகளை அல்ல. கருத்து ஆளுக்கு ஆயிரம் இருக்கிறது, அவருடையதில் சிலது தப்பும்கூட. என்னைப் போன்றவர்கள் தொழிலில் முதலில் படிக்கிற பாடம் முகத்தில் எதையும் காட்டாமலிருப்பது. வாங்க வந்தவர் என்ன உளறினாலும் ஆமாம் போட்டுச் சிரித்து, வருகிற குமட்டலை விழுங்கிவிட வேண்டும். நான் அதில் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் முன்னுக்கு வந்தேன். குமட்டினால் குமட்டுகிறது என்று முகத்தில் காட்டவும், காட்டிவிட்டு அதே ஆளோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கவும் அண்ணாச்சிக்கு முடிந்தது. அது எனக்குக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அன்று விளக்கு எரிந்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. செயலாளர் பார்த்திருக்கிறார். மறுநாளிலிருந்து அவர் கடைக்குப் பூண்டும் வத்தலும் வேறு இடத்திலிருந்து போகிறது. நல்ல வாடிக்கை. பரவாயில்லை. பொதுக்குழுவில் தீர்மானம் மறுபடி வரும் என்கிறார்கள். எஸ்தர் மதினி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்காருவேன்.