அங்கம் குறைந்த பூசகர்

எண்பதுகளில் நாரந்தனையில் ஒரு சிறிய அம்மன் கோயிலுக்கு நான் பூசகர். சலம் கழிக்க முடியாமல் அடைத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். நோயை வளர்க்கும் சுரப்பு ஆண் விதைகளில்தான் ஊறுகிறது, அவற்றை எடுத்தால் நோய் அடங்கும் என்றார் டாக்டர். சம்மதித்தேன்.

ஊர் திரும்பியதும், எப்படியோ கேள்விப்பட்டிருந்த தர்மகர்த்தா கோயில் வாசலில் மறித்தார்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. அங்கம் குறைஞ்சவர் அம்மனைத் தொடக்கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கட அப்பாவும் இந்தப் புற்றுநோய் வருத்தத்தாலதானே செத்தவர்? வெட்கத்தில கடைசிமட்டும் மறைச்சவர். தகப்பனுக்கு இருந்தால் மகனுக்கும் வரலாமாம். முதல்ல நீங்கள் டாக்டரிட்டப் போய்க் காட்டுங்கோ, பிறகு என்னை மறியுங்கோ!"

அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போய் விளக்கேற்றினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தீர்த்தத்துக்குக் கை நீட்டிய தர்மகர்த்தா, "ஐயா, எந்த டாக்டர்?" என்று காதோடு கேட்டார்.

கோயிலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி டாக்டரின் பெயரைச் சொன்னேன், எனக்கு என்ன நோய், எதை வெட்டினார்கள் என்பதையும் சேர்த்து. வெட்கத்துக்கு ஓர் உயிர் போனது போதும்.